கண் பக்கம் வைத்த கண்ணாடி

காலையில் லாந்தர் சிம்னியைத் துடைத்தேன். விரலில் ஒட்டிய கரியை முகர்ந்ததும் நீ வந்து நின்றாய். செத்து மூன்று மாதமாகியும் என்னை விட்டுப் போக உனக்கு மனமில்லை போலிருக்கிறது. வந்ததுதான் வந்தாய், உட்கார். நல்ல வார்த்தை எதுவும் சொல்லப் போவதில்லை.

சூரிய கிரகணத்தைப் படம் பிடிக்கிற ஆசை உனக்குத்தான் முதலில் வந்தது. ரோடு கான்ட்ராக்டரிடம் மேடு பள்ளம் அளந்து லெவல் பார்க்கிறவனுக்கு அது எதற்கோ! கிருஷ்ணகிரியில் என் ஸ்டூடியோவுக்கு வந்து, "மொதல்ல என்ன சாமான் வேணும்டா?" என்று கேட்டாய். பதிலும் நீயே வைத்திருந்தாய். என் பாக்ஸ் கேமரா, ஒரு முக்காலி, தாம்பாளம் நிறையச் சாணித் தண்ணீர். கிரகணத்தன்று உங்கள் சூளகிரிப் பக்கம் எல்லோரும் அதில் விழும் சூரியனைத்தான் பார்ப்பார்கள். அதையே எடுத்துவிடலாம் என்றாய்.

"படத்துல சூரியன் கடுகாட்டம் வரும்," என்றேன்.

"கடுகாவே வரட்டும். கைல இருக்கறத வெச்சிப் பழகிக்கலாம்."

"உன் பொண்டாட்டி சாணி கரைக்க, நீ அதப் படம் புடிக்க! வரட்டி தட்டற செவுத்துல மாட்டிக்க."

ஸ்டூடியோவில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். உன் முகம் சுண்டிப்போனது. எனக்கு அது பிடித்திருந்தது.

உன் லெவல் மிஷினின் தொலைநோக்கிக்குப் பின்னால் கேமராவை வைப்பதென்று நானே முடிவு செய்தேன். வெயிலை மட்டுப்படுத்த, விளக்குக் கரி ஏற்றிய கண்ணாடியை முன்வாயில் கட்டலாம் என்றாய். படம் மங்கும், கண் வைக்கிற பக்கம் ஒரு துண்டு போதும் என்றேன்.

"வெயிலெல்லாம் அங்கதான்டா வந்து கூடும்."

தினமும் அந்த மிஷினில் கண் வைக்கிறவன் நீ. இடது கண் பிறவியிலேயே மந்தம். வலது கண்தான் உன் சோறு. எல்லாம் எனக்குத் தெரியும். "போட்டோக்காரன் நீயா நானா?" என்று உன் வாயை அடைத்தேன்.

கிரகணத்தன்று பிள்ளைத்தாய்ச்சியான உன் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். கேமராவை வைக்குமுன் நீ களத்தில் மிஷினைச் சாய்த்து, குனிந்து கண் வைத்துச் சூரியனை அதற்குள் பிடித்தாய். கொஞ்ச நேரத்தில் டிக்கென்று கண்ணாடி விரிசல் விட்டது. நீ அலறிக்கொண்டு சாய்ந்தாய். நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "மிஷின ஆட்டாதடா!"

வலது கண்ணின் நடுவில் ஒரு கறுப்பு உட்கார்ந்துகொண்டது. எதிரே நிற்பவனின் காது தெரிகிறது, முகம் தெரியவில்லை என்றாய். பெங்களூர் டாக்டர் கையை விரித்தார். அளவுகோலில் எண் படிக்க முடியாதவனுக்கு லெவல் வேலை ஏது? கல் உடைக்கிற இடத்துக்குக் காவலாக உன்னை அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறமும் வந்தாய், என்னோடு டீ குடித்தாய். ஒரு நாளாவது திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு திட்டிவிட்டு ஆறியிருப்பேன். நீ திட்டவேயில்லை. அதற்காகவே உன்னை வெறுத்தேன்.

காமாலையில் நீ போன அன்று, பாடை கட்டுகிற நேரத்தில் உன் மனைவி என்னிடம் வந்தாள்.

"கண்ணாடிய முன்னால கட்டச் சொல்லி நீங்க தலபாடா அடிச்சிக்கினீங்களாமேண்ணா. அவருதான் கேக்கலயாம். சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு."

சுற்றி உன் சனமெல்லாம் நின்றது. நீ எனக்கென்று விட்டுப்போன பொய்யை வாங்கிக்கொண்டேன்.

"ஆமாம்மா, எவ்வளவோ சொன்னேன்," என்றேன். இன்றுவரை மாற்றிச் சொல்லவில்லை.