தெரியாத வெளிச்சத்துக்கு அடித்த மணி

7 பிப்ரவரி 1983

வலது கண்ணில் யாரோ ஒரு புண்ணியவானின் கருவிழியைப் பொருத்தி ஐந்து மாதம் ஆகிறது. அந்தக் கண் என்னைவிட உழைப்பாளி, பேப்பரில் வரன் விளம்பரம் வரை படிக்கிறது. ஆனால் சொட்டு மருந்தால் கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறதாம். பக்கப் பார்வை எவ்வளவு என்று நாளை சோதனை. தேறினால்தான் ஆபீசுக்குத் திரும்ப சர்டிஃபிகேட். நான் தேற வேண்டும் என்று மனைவி இந்திராணி விரதம் இருக்கிறாள். ஐந்து மாதமாக என்னோடு வீட்டில் இருப்பவள் அவள்தான்.

8 பிப்ரவரி

அண்டா அளவில் ஒரு வெள்ளைக் கிண்ணம். அதற்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் வெளிச்சப் பொட்டு தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், மணி அடிக்கும். சோதிப்பவள் சுந்தரவல்லி, டெல்லியிலேயே பிறந்த பெண், தமிழில் இந்தி கலந்து வரும்.

"அங்கிள், ஜல்தி வேண்டாம். தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க."

ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் இயந்திரம் 'டிக்' என்கிறது. பதினெட்டு வருட சர்க்கார் உத்தியோகம். மேலிருந்து சத்தம் வந்தால் 'ஆம்' என்று எழுதிப் பழகிய கை. டிக் — மணி. டிக் — மணி.

"அச்சா" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

9 பிப்ரவரி

இந்திராணி கேசரி கிளறினாள்.

11 பிப்ரவரி

சுந்தரவல்லி குறித்துக் கொடுத்த பார்வைப் படத்தை டாக்டர் பரமசிவம் வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணுல நரம்பு நுழையற இடம்னு ஒண்ணு இருக்கு சார். அங்க யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்கும்தான். உங்களுக்கு அங்கயும் தெரியுது."

நான் அடக்கமாக இருந்தேன்.

"வெளிச்சமே போடாம சும்மா டிக் குடுத்தேன் டாக்டர்," என்றாள் சுந்தரவல்லி. "அதுக்கும் மணி அடிச்சார்."

பின்னால் நின்ற இந்திராணி, "வீட்லயும் இப்படித்தான். காதுல வாங்காமலே 'ம்'னுவார்" என்றாள்.

12 பிப்ரவரி

மறுசோதனை. கையைச் சும்மா வைத்திருப்பது இவ்வளவு கஷ்டமா? ஓரிடத்தில் ஏழெட்டு டிக் — ஒன்றுமே இல்லை. அவள் பென்சில் ஓடும் சத்தம் மட்டும். பயமா இருந்துச்சு. யாரோ செத்துக் குடுத்த கண்ணு. மணி அடிச்சே தொலைக்கப் பாத்தேனே.

மூக்குப் பக்கம் ஒரு துண்டுப் பார்வை போய்விட்டது. போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர்.

"முதல் படத்தை நம்பியிருந்தா ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருப்பேன்."

மருந்தை மாற்றினார். சர்டிஃபிகேட் இல்லை.

6 மார்ச்

அழுத்தம் இறங்கியிருக்கிறது. விரதம் தொடர்கிறது.

4 ஏப்ரல்

போன வாரம் எடுத்த படத்தில் அந்தத் துண்டு வளரவில்லை. சர்டிஃபிகேட் கிடைத்தது. இன்று ஆபீஸ்.

மேலதிகாரி கலியமூர்த்தி ஒரு ஃபைலை நீட்டினார். "பாத்தாச்சுல்ல? சம்மதம்னு போட்டு அனுப்பிடுங்க."

பார்த்தேன். 'பக்கம் 41, 42 காணப்படவில்லை' என்று எழுதி அவருக்கே திருப்பினேன். அவர் என் கண்ணை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

டிபன் பாக்ஸில் கேசரி.