தாய்க்கரடி உள்ளே, நுழைய வேண்டாம்

12 டிசம்பர், வெள்ளி

மழை. கெல்சென்கிர்ச்சனில், இந்த ஜெர்மன் ஊரில், பனி என்று ஒரு சாமான் முன்பு விழுமாம். வெளியே பதினொரு பாகை.

செய்ய வேண்டியவை: வைத்தியரிடம் நேரம் எடுக்க. நாப்பி. மாமியைக் கொலை செய்யாமல் இருக்க.

என் சின்னவள் பிறந்து பத்து நாள். நாள் முந்திப் பிறந்தவள். கையில் எடுத்தால் பாரமே இல்லை. ஹெபம்மே, அதாவது வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவிச்சி, தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனாள்: இருமல் காலம், கூட்டம் கூடவே கூடாது. இந்த வீட்டுக்குள் வருபவர்களில் மூளை உள்ளவள் அவள் ஒருத்திதான். அவளும் உடனே போய்விடுகிறாள்.

ரூபனின் தாய் பாரிசிலிருந்து வந்து இறங்கியாயிற்று. இனி மா. முழுசாக எழுத மனம் வரவில்லை. என் கணவர் ரூ. அவருக்கு ஒரு எழுத்தே போதும். என் அம்மாவுக்கு விசா இல்லை, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வீடியோவில் அழுகிறார்.

மூன்று நேரமும் பிள்ளைப்பெற்றவளுக்கென்று மிளகு இடித்த சரக்குக் கறி. பச்சைத் தண்ணீர் தொடக்கூடாது, தலை நனைக்கக்கூடாது, சன்னல் திறக்கக்கூடாது. அறை முழுக்க உள்ளிப்பூண்டு மணம்.

சபீன செய்தி அனுப்பியிருக்கிறாள். மிருகக்காட்சிச்சாலைக் கடையில் என்னோடு வேலை செய்பவள். எங்கள் பனிக்கரடி எல்க்கே குட்டி போட்டுவிட்டாளாம், இரண்டு. பெட்டிக்குள் கமெரா வைத்திருக்கிறார்கள், யாரும் பார்க்கலாம். பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய முதுகு. அவ்வளவுதான்.

பாதையை மூடிவிட்டார்களாம். ஆண் கரடியை வேறு இடத்தில் விட்டார்களாம். தீனி போடுகிறவன்கூட உள்ளே போவதில்லை. சுற்றிவரப் பலகை: "அமைதி! தாய்க்கரடி குட்டிகளோடு உள்ளே. நுழைய வேண்டாம்."

கரடிக்குப் பலகை. எனக்கு மா.

15 டிசம்பர்

மா. தொலைபேசியில், தெருவுக்கே கேட்க:

"ஓமோம், ஜனவரி ரெண்டு. முப்பத்தொராம் நாள் அண்டைக்கே பிள்ளைப்பெத்த துடக்குக் கழிக்கிறம். வீட்டிலதான். ஐயருக்கும் சொல்லியாச்சு. எல்லாரும் வாங்கோ."

எல்லோரும் என்றால் அறுபது பேர். எங்களிடம் இருப்பது இரண்டு அறை.

ரூ.விடம் கேட்டேன். "ஹெபம்மே சொன்னதை நீங்களும்தானே நிண்டு கேட்டனீங்கள்?"

"கேட்டனான். ஆனா அம்மா சொல்லிப்போட்டா. இனி வராதேங்கோ எண்டு சொல்லேலுமே?"

"ஏன் ஏலாது?"

கையில் போன், போனில் காற்பந்து.

தபாலில் இரண்டு பஞ்சுக் கரடிகள். மிருகக்காட்சிச்சாலையில் வேலை என்றதும் எல்லோருக்கும் ஒரே யோசனை. வெள்ளை, சிரித்த வாய், கழுத்தில் நீல நாடா. இதே சாமானை வருசம் முழுக்க விற்கிறேன். அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டேன். பனிக்கரடி சிரிக்காது.

19 டிசம்பர்

மூட்டம். சின்னவளின் நிறை ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

மா.: "பால் காணாது, பிள்ளை. புட்டிப்பால் குடுப்பம். நீர் வீம்புக்கு நிக்கிறீர்."

வீம்புதான். ஹெபம்மே பொறுக்கச் சொன்னாள், பொறுக்கிறேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பச்சைத் தண்ணீர் தொட்டாயிற்று.

எல்க்கேயின் சின்னக் குட்டி காலையிலிருந்து சத்தமில்லை. நக்கினாள், மூக்கால் புரட்டினாள், திரும்ப நக்கினாள். மத்தியானம் அதைத் தின்றுவிட்டாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது.

கமெராவுக்குக் கீழே சனம் எழுதித் தள்ளுகிறது. கேடுகெட்ட தாயாம். பேயாம். குட்டியைப் பறிக்க வேண்டுமாம். சமாதானக் கொடியைப் படமாக வைத்திருக்கிற ஒருத்தி, சுட வேண்டும் என்கிறாள்.

மா. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பெத்ததைத் தின்னுற சாதி. கண்டறியாத கரடி. நிப்பாட்டும் உந்தப் படத்தை."

நிப்பாட்டவில்லை. கடையில் தருகிற துண்டறிக்கையை நான் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன். கடலில் ஐஸ் இருந்தால்தான் கரடிக்குக் கடல்நாய் பிடிபடும். கடல்நாய் பிடிபட்டால்தான் உடம்பில் கொழுப்பு. பனிக் குகைக்குள் புகுந்தால் மாதக் கணக்கில் ஒரு வாய் தீனி கிடையாது, அந்தக் கொழுப்புத்தான் பாலாகிறது. இப்போது ஐஸ் முந்தி உடைகிறது, பிந்தி உறைகிறது. கரடி மெலிந்துபோய்க் குகைக்குள் போகிறாள். பால் இரண்டுக்குக் காணாது. செத்ததை விட்டுவைத்தால் மற்றதுக்கும் கேடு, அவளுக்கும் பட்டினி.

எல்க்கேக்குப் பட்டினி இல்லை, அவள் தின்றுகொழுத்துத்தான் உள்ளே போனாள். ஆனால் அது அவளுக்குத் தெரியுமா? உடம்பு வடதுருவத்தில்தானே நிற்கிறது.

இதை வாசிக்கத்தான் காசில்லாமல் கொடுக்கிறோம். சனம் பஞ்சுக் கரடியை வாங்கிக்கொண்டு துண்டறிக்கையைக் குப்பையில் போடுகிறது. இப்போது வந்து பேய் என்கிறது.

24 டிசம்பர்

நத்தார். மழை. அயல்வீட்டான் பல்கனியில் கையில்லாத சட்டையோடு சிகரெட்.

தொலைக்காட்சியில் வடதுருவம். பனி விழ வேண்டிய காலத்தில் அங்கேயும் மழை. குகையின் கூரை ஊறி, பாரம் தாங்காமல் உள்ளே விழுந்து கிடக்கிறது. கமெராக்காரர் தோண்டிப் பார்க்கிறார்கள். என்ன இருந்தது என்று காட்டவில்லை. சோகமான வயலின் வாசித்துவிட்டு, அடுத்த நிமிசம் சொக்கிலேட் விளம்பரம்.

எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. காரைச் சூடாக்கவென்று ஓடவிட்டு நிற்கிறவன், கப்பலேறிப் போய்க் கரடியோடு படமெடுக்கிறவன், வயலின்காரன். என் மேலும்தான். இந்த வீட்டில் ஹீட்டர் ஐந்தில் எரிகிறது, மா.வுக்குக் குளிராம்.

மா. படம் முடியும்வரை எழும்பவில்லை. கடைசியில் ஒரு கேள்வி: "அது இருந்த இடத்துக்கு மேலயே கூரை விழுந்தது?"

"ஓம்."

எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டார்.

28 டிசம்பர், ஞாயிறு

நிறை ஏறியிருக்கிறது! கொஞ்சம்தான். ஹெபம்மே தராசைத் திருப்பிக் காட்டினாள். மா. சரக்குக் கறிதான் காரணம் என்றார். இருக்கட்டும்.

பக்கத்து ஊரில் இருக்கும் ரூ.வின் அக்காவின் மகன்மார் இரண்டு பேருக்கும் இருமலாம். பரவாயில்லையாம், வருகிறார்களாம். ஐயருக்கும் தொண்டை கட்டியிருக்கிறதாம்.

ரூ.வோடு பெரிய சண்டை. "இது சரிவராது, நிப்பாட்டுங்கோ" என்றேன். "சொந்தக்காரர் என்ன நினைப்பினம்?" என்றார். "ஆஸ்பத்திரியில குழாய் போட்டா உங்கட சொந்தக்காரரே வந்து மூச்சு விடுவினம்?" என்றேன். "கரடி பாத்துப் பாத்து நீயும் கரடி மாதிரி வாறாய்" என்றார்.

சரி, வாறன்.

சபீன வந்தாள். வாசலோடு நின்றாள், உள்ளே வரவில்லை. சின்னவளைத் தூரத்தில் பிடித்துக் காட்டினேன். ஜெர்மன்காரிக்குத் தெரிந்தது எங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை. எல்க்கேக்கு அச்சடித்ததில் மிஞ்சிய பலகை ஒன்று வேண்டுமா என்று பகிடியாகக் கேட்டாள். பகிடியில்லாமல் வாங்கி வைத்தேன்.

1 ஜனவரி

தெரு முழுக்கக் கருகிய வெடிக் கடதாசி, மழையில் ஊறிக் கூழாகக் கிடக்கிறது.

வெடி கொளுத்த வேண்டாம் என்று கரடிக்காக ஊர் முழுக்க அறிவித்தல் போட்டார்கள். யார் கேட்டது? எல்க்கே குட்டியை வாயில் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் மூலைக்கு மூலை நடந்திருக்கிறாள்.

இங்கே முதல் வெடிக்கே விழித்துப் பார்க்கிறேன், தொட்டிலில் பிள்ளை இல்லை. எழும்பி ஓடினேன். வீட்டு நடையில், இரண்டு சுவருக்கும் நடுவில், ஊரில் ஷெல் அடித்த காலத்தைப்போல, நிலத்தில் மா. மடியில் சின்னவள். தன் கம்பளியை எல்லாம் அவள்மேல் போட்டுப் பொத்தியிருந்தார்.

"சன்னலுக்குக் கிட்டக் கிடத்தாதேங்கோ" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சத்தம் அடங்கும்வரை எழும்பவும் இல்லை.

பக்கத்தில் போய் இருந்தேன். பாவமாக இருந்தது, எழுதி வைக்கிறேன். அதற்காக அறுபது பேரை மன்னிக்க ஏலாது.

2 ஜனவரி

மழை.

சாமான் இறக்க எல்லோரும் கீழே போன நேரம். பலகையைக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டினேன். பூட்டினேன். திறப்பை உள்ளேயே செருகி விட்டேன், வெளியிலிருந்து திறக்க வராது.

படியேறும் சத்தம். பட்டுச் சேலை, தட்டுகள், ஒரு இருமல். இன்னொரு இருமல். மணி அடித்தார்கள். தட்டினார்கள்.

மா.வின் குரல்: "என்ன இது ஒட்டியிருக்கு? வாசி, தம்பி."

ரூ. வாசித்தார். தமிழில், ஒவ்வொரு சொல்லாக. "அமைதி. தாய்க்கரடி... குட்டிகளோட உள்ள. நுழைய வேண்டாம்."

யாரோ சிரித்தார்கள். யாரோ "என்ன திமிர்" என்றார்கள். திமிர்தான். கதவில் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன், சின்னவள் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீ எங்க நிக்கிறது?" மா. மகனைக் கேட்டார்.

பிறகு ரூ.: "ஆண் கரடியை வெளியிலதான் விடுறவை, அம்மா." இருமிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், குரல் திரும்பியது. "எல்லாரும் கீழ போய்க் காரில ஏறுங்கோ. அக்கா வீட்டில செய்வம். பிள்ளை வராது."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனுசன் பேசிய முதல் நல்ல வசனம்.

முணுமுணுப்பு, படி இறங்கும் சத்தம். ஓய்ந்தது. போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

"தர்சினி." மெல்லிய குரல். "கிழட்டுக் கரடியை என்ன செய்யிறவை?"

சின்னவளைத் தோளில் போட்டேன்.

"எனக்கு இருமல் இல்லை, பிள்ளை."

திறந்தேன். நனைந்த சேலைக் கரை, கையில் பிள்ளையின் கழுத்துக்குப் போடும் பஞ்சாயுதம் வைத்த சின்னப் பெட்டி. என்னைப் பார்க்கவில்லை. நேரே உள்ளே வந்தார். திரும்பிக் கதவைத் தானே பூட்டினார், இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். கை கழுவப் போனார். "கரடியாம் கரடி" என்று அடுப்படிக்குள் கேட்டது, பிறகு மிளகு இடிக்கும் சத்தம்.

எல்லோரையும் அனுப்பிவிட்டு வந்து வெளியே ரூ. தட்டுகிறார். மா.வும் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை.