ஃபிட் என்று எழுதிய கை

என் நைனாவுக்கு,

நீ உள்ளே தூங்குகிறாய். கேஜிஎஃப் கோரமண்டல் வீட்டில், நீ மடங்காத காலை நீட்டி உட்காரும் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எலும்பு டாக்டரான பிறகும் விளையாட்டு மருத்துவம் தனியாகப் படிக்கப் போகிறேன் என்றபோது, "ஆடறவனுக்குன்னு தனி டாக்டரா? அப்போ பாறை ஒடைக்கிறவனுக்கு இன்னாம்மா?" என்று கேட்டாயே. இப்போது அந்தப் படிப்புக்கு நானே பாடம் எடுக்கிறேன்.

போன மாதம் முதல் வகுப்பு. இது எப்படித் தொடங்கியது என்று சொன்னேன். எலும்பு டாக்டர்கள் சிலர் மைதான ஓரத்தில் உட்கார்ந்து, அடிபட்ட ஆட்டக்காரர்களின் கால்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். பின்னால் வந்தவர்களைப் பழக்கினார்கள். அதுவே தனிப் படிப்பானது. பெருமையாகத்தான் ஆரம்பித்தேன், பாதியிலேயே வாய் கசந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் காலுக்கு டாக்டரா, டீமுக்கு டாக்டரா?

நீ ஆடிய தங்க மைன் டீமுக்கும் ஒரு டாக்டர் இருந்தார். முட்டி வீங்கினால் ஊசி போட்டு 'ஃபிட்' என்று எழுதுவார். நீயும்தான் கெஞ்சி வாங்கினாய். டீமில் இருக்கும்வரை தரைக்கு மேலே லைட் டூட்டி. டீமை விட்டால் மறுபடி கேஜ் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். அந்தப் பயத்தில் வலியை மறைத்து மறைத்தே காலைத் தொலைத்தாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. எழுதிக்கொடுத்த அந்தக் கையை நினைத்தால்தான் அருவருப்பு.

நானும் எழுதிக்கொடுத்தேன், நைனா.

இங்கே பக்கத்து மைன் லைனான பாலகாட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். கபடி ஆடுகிறவள், ரயில்வே வேலைக்கு செலக்‌ஷன். முட்டிக்குள் ஜவ்வு பாதி கிழிந்திருந்தது. "ஒரே ஒரு ஊசி போடுங்க மேடம். அன்னிக்கு ஆடிட்டா போதும்" என்றாள். கூட வந்த கோச், "நீங்களும் நம்ம கேஜிஎஃப் ஆளு. ஃபிட்டுன்னு எழுதிட்டா இன்னா கெட்டுப்போச்சு?" என்று பல்லைக் காட்டினார். ஸ்கேன் படத்தை இன்னொரு முறை பார்த்தேன். ஆனாலும் பேனாவை எடுத்தேன். வேலை கிடைத்துவிட்டால் குடும்பம் பிழைக்குமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் டாக்டரும் இப்படித்தான் சொல்லிக்கொண்டாரோ?

இரண்டாவது ரெய்டிலேயே விழுந்தாள். மிச்ச ஜவ்வும் அறுந்தது, வேலையும் போனது. ஆஸ்பத்திரியில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இன்னா பண்ணுவீங்க டாக்டரம்மா, எல்லாம் எங்க நேரம்" என்றார். அந்தக் கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவியும் மனம் ஆறவில்லை.

நாளை காலை பாலகாட்டுக்குப் போகிறேன். நேரத்தின் தப்பில்லை, என் தப்பு என்று அந்த அம்மாவிடம் சொல்வேன். அடுத்த வகுப்பில் நான் எழுதிய அந்தக் காகிதத்தை மாணவர்கள் முன்னால் வைப்பேன். அவள் பேரை மறைத்துவிடுவேன். என் பேரை மறைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பெரிய பொண்ணு