சுறவத்தீவுக்குச் சிப்பிச் சுவர் வாராமை

வாழி! வெண்மணல் நாட்டையும் அதன் துறைகளையும் ஆளும் பரிதிவேள் பெருமகனாரின் ஆணைப்படி, தலைமை அமைச்சன் மூவாதன், சுறவத்தீவுக் கோட்டையைக் காத்துநிற்கும் தானைத்தலைவர் கொற்றங்குமரனார்க்கு எழுதுவது. நும்மோடு இருப்போர் அனைவரும் உயிரோடிருக்க.

பகைவரின் கல்லெறி பொறிகளைத் தாங்கவல்ல, சிப்பியின் இயல்புடைய சுவர்ப்பலகைகளை அனுப்புவோம் என்று முன்னர் உரைத்திருந்தோம். அவை வாரா.

சுதைவினைஞர் காரிக்கண்ணியார் முத்துச்சிப்பியின் ஓட்டை உடைத்து ஆராய்ந்து, மெல்லிய சுண்ணத் தகடுகள் அடுக்கடுக்காய்ப் பசையால் ஒட்டி நிற்பதையும், ஒரு தகட்டில் விழுந்த விரிசல் நேரே ஊடுருவாமல் பக்கவாட்டில் அலைந்து ஓய்வதையும் கண்டார். அவ்வண்ணமே சுண்ணத்தாலும் மரப்பிசினாலும் கையகலப் பலகை ஒன்று செய்து, சம்மட்டியால் அடிப்பித்தார். அது கீறியது, உடையவில்லை. அரசவையே ஆர்த்தது. யானும் ஆர்த்தேன்.

சுவரளவாகச் செய்யப் புகுந்தபோது, தகட்டைத் தடிப்பாக்கினால் விரிசல் நேரே பாய்ந்தது. மெல்லிதாக்கிப் பல அடுக்கினால் உள்ளே பிசின் உலராமல் அடுக்குகள் வழுக்கின. இன்னும் காலம் தரவேண்டுமென அவர் வேண்டியும், நும் முற்றுகையை எண்ணி யாம் விரைவுபடுத்தினோம். கல்லெறி பொறியால் சோதிக்க நிறுத்திய இறுதிப் பலகையின் பின்னே, தமக்கையின் வேலையில் தனக்கு ஐயமில்லை என்று சொல்லி, அவர் தம்பி இளஞ்சாத்தன் தானே போய் நின்றான். முதற் கல்லிலேயே பலகை பிளந்தது. அவன் மார்பும் நொறுங்கியது.

மறுநாள் அவைக்கு வந்த அம்மையாரிடம், இன்னும் சில திங்கள் தந்தால் இயலுமோ என்று மன்னர் வினவினார். அவர் கைகளில் சுண்ணம் கழுவப்படாமல் காய்ந்திருந்தது. “அரசே, சிப்பி எப்படித் தாங்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா அது கொஞ்சங்கொஞ்சமா வளத்துக்கிட்டது. நான் ஒட்டிப் பாத்தேன். என்னால ஆகாது. அங்க இருக்கறவங்கள இனியும் நம்பவைக்காதீங்க” என்றார்.

ஆகவே, கோட்டையைக் கைவிடுக என்பது கட்டளை. மீனவர் படகுகளை வடதுறைக்கு விடுத்துள்ளோம்; அவை எல்லாரையும் கொள்ளா. மகளிரையும் குழந்தைகளையும் முதலில் ஏற்றுக. நடக்க இயலாத புண்பட்டோரை அங்கேயே விட்டு வருக. அவர்களிடம் என்ன சொல்வது என்று நீவிர் கேட்பீர். யாம் அறியோம்.

இவ்வரியைப் படிக்கக் கேட்டதும் மன்னர் எழுந்தார், மறுத்திலர். முத்திரை மோதிரத்தைக் கழற்றி என் முன் வைத்துவிட்டு உள்ளே சென்றார். இவ்வோலையில் முத்திரையை யானே இட்டேன். கண்டவுடன் செய்க.