பாட்டில் கவிழ்த்த கம்பிகள்

சாந்தியாகோ

அன்பு எர்மெலிந்தா,

நீ சௌக்கியமா? மக நெய்தாவுக்கு இருமல் நின்னுச்சா? எனக்கு ஒரு குறையுமில்ல.

நாங்க கட்டின அரசாங்கக் குடியிருப்புல வீடு கிடைச்சவங்க நேத்து பார்க்க வந்தாங்க. ஒரு அம்மா நான் பூசின சுவரைத் தடவித் தடவிப் பார்த்துச்சு. "ஈரமே இல்லையே மேஸ்திரி. இனிமே எம்புள்ள மூச்சு முட்டாம தூங்குவான்"னு சொல்லிட்டு, கையை விரிச்சுக் கட்டிலுக்கு இடம் அளந்துச்சு. அப்புறம், "உங்களுக்கு எந்த மாடி?"ன்னு கேட்டுச்சு.

பக்கத்துல நின்ன, கூட வேலை செய்யுற பயலுக விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. "இவருக்கு மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல"ன்னான் ஒருத்தன். நானும் சிரிச்சுட்டேன்.

நம்ம ஊர்லருந்து யாராவது இங்க வந்தா அந்த அல்பாக்கா கம்பளிப் போர்வையைக் கொடுத்துவிடு. என் அறைச் சுவர்ல தண்ணி வழியுது. பிள்ளைகுட்டியோட வர்றவங்களுக்கு இங்க இடமில்லைன்னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டா. நீங்க எப்ப வர்றதுன்னு இனிமே கேட்காதே.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு. ஒண்ணு மறந்துட்டேன். நம்ம வீட்டுக்கு மேல மாடி கட்டணும்னு தூண்ல கம்பியை நீட்டி விட்டு, துருப்பிடிக்காம பாட்டில் கவுத்து வச்சோமே. பாட்டிலையெல்லாம் எடுத்துடு. கம்பியில கொடி கட்டித் துணி காயப்போட்டுக்கோ.

யூலோகியோ