கால் வைக்க இடம்

என் பிரியத்துக்குரிய வாண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகள் இருவரும் சுகம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? அவ்வளவு உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் நாள் முழுவதும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் 'சரி சரி' என்பீர்கள். அந்தச் 'சரி சரி'யின் லட்சணம் எனக்குத் தெரியாதா!

தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் வந்தால் முதலில் வாண்டு பிடுங்கிக்கொள்கிறான். அவனிடமிருந்து பெரியவள் பிடுங்குகிறாள். என் கைக்கு வரும்போது உங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்துவிடுகிறது. அப்படியே நேரம் கிடைத்தாலும், உங்கள் அறைக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும்படி 'சாப்பிட்டீங்களா' என்பதற்கு மேல் நான் என்ன கேட்பது? அதனால்தான் எழுதுகிறேன். ஒருவரும் பிடுங்காமல் முழுதாகப் படியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நான் 'இந்த வீட்ல கால் வைக்க இடமில்லைங்க' என்று உங்களிடம் சொன்னேன். வாண்டுவின் பொம்மை லாரியை மிதித்து உள்ளங்கால் கிழிந்த வலியில் சொன்னது அது. நீங்கள் ஒரு நாள் முழுக்க அதையே யோசித்துவிட்டு மறுநாள், 'கம்பெனில இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேக்கறாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா பெரிய வீடாப் பாத்துடலாம்' என்றீர்கள். இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். நான் 'ம்' என்றேன். அந்த 'ம்'மை நீங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. அது சம்மதமில்லை. வாயடைத்துப் போய் வந்த சத்தம்.

போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு வந்ததே ஒரு கோபம்! இந்தச் சாமான்கள் சௌகரியமாகத் தங்குவதற்காக நீங்கள் இன்னும் இரண்டு வருஷம் வெயிலில் காய வேண்டுமா? சாமான் வெளியே போகட்டும், மனுஷன் உள்ளே வரட்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பரணிலிருந்து ஆரம்பித்தேன். நீங்கள் அனுப்பிய அட்டைப்பெட்டிகளைக் கீழே இறக்கியதும் கூடம் நிறைந்துவிட்டது. புலிப் படம் போட்ட கம்பளிகள் மட்டும் ஒரு கட்டு. இந்த வீட்டில் மனிதர்களை விடப் புலிகள்தான் அதிகம் என்று அன்றுதான் தெரிந்தது. பூப்போட்ட பீங்கான் தட்டுகள் சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தன. விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று வைத்தது. விருந்தாளி வந்தபோது பரணில் ஏறி எடுத்துத் தர ஆளில்லை. இடுப்பு வலி போகட்டும் என்று எனக்காக அனுப்பினீர்களே, நடக்கும் இயந்திரம், அதில் இத்தனை நாளும் வாண்டுவின் கால்சட்டைகள்தான் காய்ந்துகொண்டிருந்தன. அப்புறம் அந்தப் பாடும் பொம்மை. ஒருவருக்கும் புரியாத பாஷையில் பாடும். பொத்தான் சிக்கிக்கொண்டதால் நினைத்தபோதெல்லாம் தானாகவே பாட ஆரம்பித்துவிடும். ஒருநாள் பீரோவுக்குள்ளிருந்து பாடி, நான் குழம்புக் கரண்டியோடு தெருவுக்கே ஓடிவிட்டேன். சிரிக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துணிக்கூடை கொடுத்தேன். கூடைக்குள் அடங்குவது வீட்டில் இருக்கும், மற்றது வேறு பிள்ளைகளுக்குப் போகும் என்று சொன்னேன். வாண்டு நீண்ட நேரம் யோசித்துவிட்டுத் தானே கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான். தன்னையும் யாருக்கும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள அவனுக்குத் தெரிந்த வழி. அவனைத் தூக்கி வெளியே விட்டு, கொஞ்சிக் கெஞ்சி, ஒரு லாரியும் கட்டைகளும் ஒரு காதறுந்த முயலும் என்று முடித்தோம். மிச்சத்தைப் பக்கத்துத் தெரு பாலர் பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே அந்தப் பொம்மை பாடிக்கொண்டிருக்கும், பாவம் அந்த டீச்சர்.

இதற்குள் தெருவுக்கே செய்தி பரவிவிட்டது. பழைய சாமான் எடுக்கிறவர் வாசலில் தராசை வைத்துக்கொண்டு, 'வீடு மாத்துறீங்களாம்மா?' என்றார். கீழ் வீட்டுத் தையல்காரம்மா, 'சொல்லாமக் கொள்ளாமப் போறீங்களே' என்று கண்ணைக் கசக்கினார். வீட்டுக்காரர் வந்து குழாய், மின்விசிறியெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று சும்மா பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார். நான் பெட்டி கட்டுகிறேன் என்று யார் போய் ஊதினார்களோ, அன்று மாலையே உங்கள் அக்கா மூச்சு வாங்க வந்து நின்றார்கள்.

வந்தவர்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. 'உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாச்சுமா? எங்கிட்ட மறைக்காத' என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. 'சண்டை போடறதுக்கு ஆள் இருக்கணுமே அண்ணி' என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாகிவிட்டது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி தரையில் உட்கார்ந்து துணிகளை மடிக்க ஆரம்பித்தார்கள். மடித்துக்கொண்டே, 'எந்தம்பி சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். ஆசையை வாயால சொல்ல வராது. எதையாவது வாங்கிட்டு வந்து கையில திணிச்சுட்டு ஓடிடுவான்' என்றார்கள். அது எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதிதில் எனக்கு வந்து சேர்ந்த கைக்குட்டைகள் கொஞ்சமா நஞ்சமா! போகும்போது நடக்கும் இயந்திரத்தை ஆட்டோவில் ஏற்றிப் போய்விட்டார்கள். உங்கள் அத்தானின் தொப்பைக்காம். அங்கே இனி அவருடைய வேட்டி காயும்.

இனி எழுதப் போவதை நான் போனில் சொல்லியே இருக்க முடியாது.

பெரியவள் தன் சாமான்களை முகம் சுளிக்காமல்தான் கொடுத்தாள். அவளுக்கு எப்போதும் அம்மாவைத் தேற்றுகிற வேலைதான். ஆனால் போன பெட்டியில் நீங்கள் அனுப்பிய அந்த ரோஜா நிற ஷூவை மட்டும் விடமாட்டேன் என்றாள். அது உனக்குச் சின்னதாச்சே என்றேன். இல்லை, போட முடியும் என்று போட்டுக் காட்டினாள். உள்ளே விரல்களை மடக்கி வைத்திருக்கிறாள். நடக்கும்போது முகம் கோணுகிறது. வலிக்கலையா என்று கேட்டேன். 'அப்பாகிட்ட பேசி முடிக்கற வரைக்கும்தானேம்மா. அப்புறம் கழட்டிடுவேன்ல' என்றாள்.

போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் காலைத் தூக்கிக் காட்டுவாளே, நீங்களும் 'என் ராணி' என்பீர்களே, அத்தனை தடவையும் இப்படித்தானாம். நீங்கள் அனுப்பிய மஞ்சள் கவுனுக்கும் அதே கதை. பின்னால் கொக்கி மாட்டாது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தை மட்டும் உங்களுக்குக் காட்டியிருக்கிறாள். அப்பாவிடம் சின்னதாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன். 'சொன்னா அப்பா பாவம்ல' என்றாள்.

எத்தனை பெரிய இரும்புத் தூணையும் மயிரிழை பிசகாமல் இறக்கி வைக்கிறவர், மகளின் காலளவை மட்டும் கோட்டை விட்டுவிட்டாரே என்று உங்களைக் கேலி செய்து எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை. கடையில் நின்று, 'இவ்ளோ இருப்பா' என்று நீங்கள் கையால் காட்டியிருப்பீர்கள். நீங்கள் விட்டுப் போனபோது அவள் அவ்வளவுதான் இருந்தாள். அப்போது வாண்டு தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது மதில் ஏறுகிறான். உங்கள் மீது ஒரு குற்றமும் இல்லை. பார்க்காத கண்ணுக்கு அளவு எப்படித் தெரியும்?

அந்த ஷூவை என்ன செய்வதென்று தெரியாமல் தையல்காரம்மாவின் பேத்திக்குக் கொடுத்தோம். பெரியவளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

வகுப்புகளையும் நிறுத்திவிட்டேன். சனி, ஞாயிறு வந்தால் பெரியவளை இழுத்துக்கொண்டு ஓவியம், நடனம், கணக்கு என்று இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தேனே, அதெல்லாம் இல்லை. ஓவியம் மட்டும் அவளுக்குப் பிடித்திருக்கிறது, அது இருக்கட்டும். மற்ற நேரம் இருவரும் கொல்லைப்புறத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சொம்பும் வைத்துக்கொண்டு குட்டிச்சுவராகிறார்கள். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்தால் முன்பு பொம்மை பொறுக்கவே நேரம் போதாது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். இப்போது வந்ததும் உட்கார முடிகிறது. பிள்ளைகள் மடியில் வந்து விழுகிறார்கள். யாருடைய கண்ணுக்கு எந்த நம்பர் கண்ணாடி என்று அன்றைய கதையைச் சொல்கிறேன். ஒரே பாயில் மூன்று பேரும் சாப்பிடுகிறோம். ஒரு வாரமாக நான் அவர்களை அடிக்கவில்லை. இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், பெரியவளிடம் கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. சாமான் போனதும் வீடு பெரிதாகிவிட்டது. கூடத்தில் பேசினால் கணீரென்று எதிரொலிக்கிறது. வாண்டு நடுவில் நின்றுகொண்டு 'அம்மா' என்று கத்திப் பார்க்கிறான், சுவர் திருப்பிச் சொன்னதும் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் பெட்டிகளோடு சண்டை போட்டே பொழுதைத் தள்ளியிருக்கிறேன். இப்போது ஒழித்துக் கட்டவும் ஒன்றுமில்லை, குறை சொல்லவும் ஒன்றுமில்லை. எனக்குத் தனியாக இருக்கிறதுங்க. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன தனிமை என்று ஊரில் கேட்பார்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கூண்டுக்குள் நீங்களும் ஒற்றை ஆளாகத்தானே இருக்கிறீர்கள்.

முந்தாநாள் வாண்டு, பெட்டிகள் இருந்த சுவரோரத்தைக் காட்டி, 'இங்க யாரும்மா?' என்றான். அப்பா வந்து படுப்பார் என்றேன். அவன் அந்த இடத்தை மேலும் கீழும் பார்த்தான். 'அப்பா எவ்ளோ பெரிசு?' என்றான். அவனுக்கு உங்கள் முகம் தெரியும், குரல் தெரியும். முகத்துக்குக் கீழே நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று அவனுக்குத் தெரியாது. நான் கதவின் பக்கத்தில் போய் நின்று கையை உயர்த்தி, இவ்வளவு என்று காட்டினேன். பெரியவள் உடனே, 'இல்லம்மா, இன்னும் மேல' என்றாள். உயர்த்தினேன். 'இன்னும்' என்றாள். நான் அவளைத் திருத்தப் பார்த்தேன். எனக்கே சந்தேகமாகிவிட்டது. உங்கள் பக்கத்தில் நின்றால் என் தலை எங்கே வரும்? தோளிலா, காதுவரையிலா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. கையைத் தூக்கினபடியே நின்றுகொண்டிருந்தேன். பிள்ளைகள் விளையாடப் போய்விட்டார்கள்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வருஷத்தோடு முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். வந்து என்ன வேலை செய்வது என்று பயப்படுவீர்கள். எனக்கும் பயம்தான். இருவருமாகப் பயப்படலாம். குறைவாக வைத்துக்கொண்டு இருப்பது எப்படி என்று பிள்ளைகளே எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பெரிய வீடு எங்களுக்கு எதற்கு? நீங்கள் இல்லாமல் இந்த வீடே எங்களுக்குப் பெரிதாக இருக்கிறது.

வரும்போது பெட்டி ஒன்றும் கட்டாதீர்கள். கையை வீசிக்கொண்டு வாருங்கள், யாராவது ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். வந்ததும் வராததுமாக அந்தக் கதவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நேராக நின்று காட்டுங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும். நானும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூண்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாண்டுவின் அம்மா