பதினாறாம் நம்பர் கிணறு

பாய்,

நேற்று உங்கள் மகள் திருவள்ளூர் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். உங்களுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து ஒரு வாரம் ஆகிறதாம். "வாப்பா இத உங்க கையிலதான் குடுக்கச் சொன்னாங்க மேடம்" என்று ஒரு பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்தாள். காபிகூடக் குடிக்காமல் பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். மூடியைத் திறந்ததும் சாக்பீஸ் வாசனை. பாதி தேய்ந்த உங்கள் நீலச் சாக்பீஸ். அதற்கடியில் சுருட்டி வைத்த டேப்பும் ரப்பர் பேண்டு போட்ட ஒரு நோட்டும். மதியம் வரை அந்த நோட்டை நான் தொடவில்லை. பயம்தான், வேறென்ன.

இரும்பு டேப்பின் நுனியில் ஒரு முழத்துக்குச் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றில் இறக்குவீர்கள். இழுத்துப் பார்த்தால் நனைந்த இடம் மட்டும் கருத்திருக்கும். விட்ட நீளத்தில் நனைந்ததைக் கழித்தால் தண்ணீர் எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். ஊத்துக்கோட்டையிலிருந்து பழவேற்காடு வரை இருபத்திரண்டு கிணறுகள், மாதம் ஒரு தடவை. நீங்கள் மொபெட்டில் வெயிலோடு கொண்டுவந்த எண்களை நான் ஏசி அறையில் கணினிக்குள் போட்டு, இந்த வட்டார நிலத்தடி நீருக்கு ஒரு மாடல் செய்துகொண்டிருந்தேன். "உங்க கம்ப்யூட்டருக்குத் தாகம், ஊர் ஊரா அலையறது நானு" என்பீர்கள்.

மாடலை எப்போது நம்பலாம் என்பதை அது ஓடுவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும், ஓடிய பிறகு எழுதினால் நம் வசதிக்கு எழுதுவோம் என்று உங்களுக்கு வகுப்பெடுத்ததே நான்தான். ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எதிரில், நீங்கள் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் காகிதத்தை எடுத்தேன். மாடல் காட்டும் மட்டமும் கிணற்றில் அளந்த மட்டமும் ஒரு மீட்டருக்கு மேல் விலகக் கூடாது என்பது என் நிபந்தனை. நீங்கள் கையைக் கழுவிவிட்டு வந்து, "எந்தக் கெணத்தையும் நேர்ல போய்ப் பாக்காம லிஸ்ட்லேர்ந்து அடிக்கக் கூடாது. இதையும் எழுதிக்குங்க" என்றீர்கள். எழுதினேன். கீழே இருவரும் விளையாட்டாகக் கையெழுத்துப் போட்டோம். சுனாமிக்கு இரண்டு வருஷம் முன்பு அது.

இருபத்தொரு கிணறுகள் சொன்னபடி கேட்டன. பதினாறாம் நம்பர் மட்டும் அடங்கவில்லை. கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால், ஒரு அம்மாவின் நெல் வயலில் இருந்த கிணறு. மாடல் ஐந்து மீட்டரில் தண்ணீர் என்றது, உங்கள் நோட்டு பதினொன்று என்றது. மண்ணின் தன்மையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பதினாறு கொஞ்சம் பக்கத்தில் வந்தால் வேறு நாலு கிணறுகள் விலகி ஓடின. அறிக்கை எங்கே என்று மேலிடத்திலிருந்து தினமும் போன்.

மோட்டார் ஓடி மட்டம் இறங்கியிருந்தபோது அளந்திருப்பீர்கள் என்றேன்.

"மோட்டாரு ஓடினா நான் டேப்பு எறக்குவனா மேடம்? காலீல ஆறு மணிக்கே போய் நின்னேன், அந்தம்மாவையே கேளுங்க. பக்கத்துக் கம்பெனி காம்பவுண்டுக்குள்ள போர்வெல்லு ஓடிக்கினே கீது, சத்தம் கேக்குது. உங்க பேப்பர்ல அந்த போரு இருக்குதா?"

இல்லை. என் காகிதத்தில் அந்த இடத்தில் ஒரு போரும் இல்லை.

"அப்புறம் இன்னா? வாங்க, போய்ப் பாத்துக்கினு வந்துடலாம். ஊத்துக்கோட்டையில பஸ் மாறினா கும்மிடிப்பூண்டி, அங்கேர்ந்து ஷேர் ஆட்டோ. அரை நாளு."

அரை நாள் எனக்கு இருந்தது, பாய். போய்ப் பார்த்து நீங்கள் சொன்னதே சரி என்றாகிவிட்டால் மொத்த மாடலையும் பிரித்து மறுபடி செய்ய வேண்டும். அதற்குத்தான் எனக்குத் தெம்பு இல்லை. அந்த எரிச்சலில், "வீட்டில் உட்கார்ந்தே நோட்டை நிரப்புகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் விரலில் இருந்த நீலத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். அறிக்கையில் பதினாறுக்கு நேராக ‘அளவீட்டுப் பிழை, நீக்கப்பட்டது’ என்று அடித்தேன்.

அதைப் படித்துவிட்டு வந்து நின்றீர்கள். "இருவது வருஷமா டேப்பு புடிக்கிறேன். ஊட்டுல உக்காந்து எழுதறவன்னு எழுதிட்டீங்களே."

"அப்படியா எழுதியிருக்கிறேன், பாய்?"

"இன்னா எழுதினா இன்னா மேடம், அர்த்தம் அதானே."

அதோடு பேச்சு முடிந்தது. மாடல் தேறியது, எனக்குப் பாராட்டுக்கூட வந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிறது என்று நான் எழுதியதைக் காட்டிக் கம்பெனிக்காரர்கள் இன்னும் சில போர்களுக்கு அனுமதி வாங்கினார்கள். நீங்கள் வேறு பிரிவுக்குப் போனீர்கள். போன பிறகும் ஒவ்வொரு பெருநாளைக்கும் பிரியாணி அனுப்பினீர்கள். வெட்கமில்லாமல் தின்றேன். ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை.

நேற்று மதியத்துக்கு மேல் நோட்டைத் திறந்தேன். முழு நோட்டும் பதினாறாம் நம்பர்தான். நான் அடித்துப்போட்ட மாதத்திலிருந்து ஆரம்பித்து, யாரும் கேட்காமல், மாதா மாதம் அளந்திருக்கிறீர்கள். தேதி, ‘காலை 6, மோட்டார் ஓடவில்லை’, ஆழம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அந்தம்மாவின் கோணல் கையெழுத்து. சாட்சிக்குக் கையெழுத்து வாங்கும் அளவுக்கு உங்களை நான் ஆக்கிவிட்டேனே என்று அழுதேன். கடைசி இரண்டு வருஷமும் ஆழம் எழுதும் இடத்தில் ‘வறண்டது’ என்றுதான் இருந்தது. அதற்கும் கையெழுத்து வாங்கியிருந்தீர்கள்.

அந்த மாடலைப் புதுப்பிக்கும் வேலை மறுபடி என் தலையில்தான் விழுந்திருக்கிறது. எனக்கு ரொம்பச் சலித்துவிட்டது, பாய். ஆனாலும் பழைய அறிக்கையில் பிழை கிணற்றில் இல்லை, என்னிடம்தான் என்று ராத்திரியே ஒரு கடிதம் எழுதி, காலையில் மேலிடத்துக்கு அனுப்பினேன். இப்போது எதற்கு இந்தப் பேஜாரு என்பார்கள். சொல்லட்டும். அனுப்பிவிட்டு டப்பாவோடு பஸ் ஏறினேன். ஊத்துக்கோட்டையில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோ. நீங்கள் சொன்ன அதே அரை நாள்தான்.

வயல் கரம்பாகக் கிடந்தது. அந்தம்மாவின் மகன் அத்திப்பட்டு பவர் ஹவுசுக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறானாம். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா அந்த மேடம்? ஒரு நாளு வரும்னு பாய் சொல்லிக்கினே இருப்பாரு. தண்ணி கீறப்பவே வந்திருக்கலாமே கண்ணு."

சாக்பீஸைத் தேய்த்து டேப்பை இறக்கினேன். தேய்த்த நீலம் அப்படியே மேலே வந்தது. உங்கள் கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டு ‘வறண்டது’ என்று எழுதிப் பேனாவை நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "வத்திப் போன கெணத்துல இன்னாத்த அளக்கற?" என்று கேட்டார்.

"லிஸ்ட்ல இருக்கும்மா" என்றேன். "அடுத்த மாசமும் வருவேன்."